இரண்டு திகதிகளும் தெரியாத சாம்பியன்

தோட்டப்புறத்து முதியவர்களுக்கு ஊழியர் சேமலாப நிதி விண்ணப்பம் எழுதிக் கொடுத்துப் பழகியவர்களுக்கு, பிறந்த திகதி என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுபோவது புதிதல்ல. அடையாள அட்டையில் ஒரு திகதியும் செக்ரோல் என்ற தோட்டத்து வேலைப் பதிவேட்டில் இன்னொரு திகதியும் இருக்கும். ஒன்றுமே இல்லாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்க வேண்டியிருக்கும். "பெரிய மழைக்கு மண்ணு சரிஞ்ச வருஷம்னு எங்கம்மா சொல்லும்" என்று ஒரு பாட்டி சொன்னால், அந்த மழை எந்த ஆண்டு பெய்தது என்று தேடுவதிலேயே ஒரு மாலைப்பொழுது கழிந்துவிடும்.

1962ஆம் ஆண்டு உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டைச் சாம்பியனான சொனி லிஸ்டனும் அந்தக் கட்டத்தை நிரப்ப முடியாத ஒருவர்தான். 1932 மே 8 என்பது அவருக்காக ஏற்றுக்கொள்ளப்பட்ட பிறந்த நாள். அதை உறுதிப்படுத்தும் ஆவணம் எதுவும் இல்லை. 1930ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டில் அவருடைய பெயர் இல்லை. 1940ஆம் ஆண்டு மதிப்பீட்டிலோ பத்து வயதுச் சிறுவனாக இருக்கிறார். பிறந்த நாளை ஒரு மரத்தில் செதுக்கி வைத்திருந்ததாகவும், பின்னர் யாரோ அந்த மரத்தையே வெட்டிவிட்டதாகவும் ஒரு கதையும் உண்டு. இறந்த திகதியும் இப்படித்தான். 1971 ஜனவரி 5ஆம் திகதி, நத்தாருக்கு ஊருக்குப் போயிருந்த மனைவி ஜெரால்டின் லாஸ் வேகாஸ் வீட்டுக்குத் திரும்பியபோது, அவர் படுக்கையறையில் இறந்து பல நாட்களாகக் கிடந்தார். வாசலில் சேர்ந்திருந்த பத்திரிகைகளையும் பால் போத்தல்களையும் வைத்து 1970 டிசம்பர் 30 என்று பொலிஸார் கணித்தார்கள். அந்தக் கணிப்பே இன்றுவரை அவருடைய இறந்த திகதியாக இருக்கிறது.

லிஸ்டனைப் பற்றிப் பேச வருபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: முஹம்மத் அலியுடனான இரண்டாவது சண்டையில் அவர் வேண்டுமென்றே விழுந்தாரா? அந்தக் கேள்விக்கு நானும் வருவேன். ஆனால் அந்த உடம்பு பிறந்த நாளிலிருந்து யார் யாருடைய கணக்குப் புத்தகத்தில் எழுதப்பட்டிருந்தது என்று பார்க்காமல், ஒரு குத்து பட்டதா படவில்லையா என்று மட்டும் விவாதிப்பதில் எனக்கு ஆர்வமில்லை. மலையகத்தில் வளர்ந்தவன் என்பதால் என் கண் முதலில் அந்தக் கணக்குப் புத்தகத்துக்குத்தான் போகிறது.

ஆர்கன்சோ மாநிலத்தின் செயின்ட் பிரான்சிஸ் மாவட்டத்தில், பருத்தி விளையும் தாழ்நிலத்தில் அவர் பிறந்தார். தந்தை டோப் லிஸ்டன் சொந்த நிலமில்லாத வாரக்குடியானவர். அந்த முறையில் நிலமும் கோவேறு கழுதையும் விதையும் முதலாளியுடையவை. விளைச்சலில் ஒரு பங்கு குடியானவனுக்குச் சேரும். ஆனால் ஆண்டு முழுவதும் முதலாளியின் கடையில் கடனுக்கு வாங்கிய மாவும் எண்ணெயும் துணியும் ஆண்டு முடிவில் அந்தப் பங்கிலிருந்து கழிக்கப்படும். கணக்கை எழுதுபவரும் முதலாளியே. கடன் மிஞ்சினால் அந்த நிலத்தை விட்டுப் போக முடியாது. கங்காணியிடம் முன்பணம் வாங்கிக் கப்பலேறி வந்து, அந்தக் கடன் தீர்ந்ததென்று துரை எழுதித் தரும் 'துண்டு' இல்லாமல் வேறொரு தோட்டத்துக்குப் பெயர முடியாமல் கிடந்த நம் முன்னோருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியம் இருந்திருக்காது. இங்கே துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அங்கே லிஸ்டன் பிறந்த பிறகும் வாரக்கடன் நீடித்தது.

டோப் லிஸ்டனுக்கு இரண்டு மனைவியர் மூலம் 25 பிள்ளைகள் என்பது சொனியே பின்னாளில் சொன்ன கணக்கு. சாப்பாட்டு மேசைக்கு வரும் அளவுக்கு வளர்ந்த பிள்ளை வயலுக்கும் போகலாம் என்பது தந்தையின் சட்டம். அவர் அடித்த சாட்டையின் தழும்புகள் வளர்ந்த பிறகும் மகனின் முதுகில் தெரிந்தன. 1946 அளவில் தாய் ஹெலன் வீட்டை விட்டு செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு வேலை தேடிப் போனார். மகன் ஒரு நாள் விடியுமுன் எழுந்து, உறவினரின் பீக்கன் மரத்துக் கொட்டைகளை உலுக்கி எடுத்துப் பக்கத்து நகரத்தில் விற்று, அந்தக் காசில் தாயைத் தேடிப் புறப்பட்டான். நகரத்தில் பள்ளிக்கூடம் அனுப்பிப் பார்த்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அந்த ஆஜானுபாகுவான பையனைச் சின்னப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். அவன் நின்றுவிட்டான்.

அதன் பிறகு அவன் செய்தவை வழிப்பறியும் கொள்ளையும். லிஸ்டனை ஏழ்மையின் பலிக்கடாவாக மட்டும் வரைந்து காட்டும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை. அவரிடம் அடி வாங்கிப் பணத்தைப் பறிகொடுத்தவர்களும் அன்றாடம் உழைத்துச் சாப்பிட்டவர்கள்தான். 1950இல் பிடிபட்டு, ஐந்தாண்டுத் தண்டனையோடு ஜெபர்சன் சிட்டியிலுள்ள மிசூரி மாநிலச் சிறைச்சாலைக்குப் போனார். சிறையைப் பற்றி அவர் குறை சொல்லவில்லை. மூன்று வேளைச் சாப்பாடு நிச்சயமாகக் கிடைத்த முதல் இடம் அதுதான் என்ற பொருளில் பேசினார்.

அங்கே விளையாட்டுக்குப் பொறுப்பாக இருந்த அலோய்ஸ் ஸ்டீவன்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் அவரைக் குத்துச்சண்டைக்குத் திருப்பினார். லிஸ்டனின் உயரம் ஆறடிக்குச் சற்று மேல். ஹெவிவெயிட் வீரர்களில் அது பெரிய உயரமல்ல. ஆனால் விரித்த கைகளின் அகலம் 84 அங்குலம். மூடிய முட்டியின் சுற்றளவு ஏறத்தாழ 15 அங்குலம். அளவு நாடாவை உங்கள் முட்டியில் சுற்றிப் பார்த்தால் அது எப்படிப்பட்ட கை என்று புரியும். அவருடைய இடது கைக் குத்து மற்றவர்களின் வலது கைக் குத்தைவிடக் கனமானது என்பார்கள். 1952 அக்டோபரில் பிணை நிபந்தனைகளோடு வெளியே வந்தவர், சில மாதங்களுக்குள், 1952 ஒலிம்பிக்கில் ஹெவிவெயிட் தங்கம் வென்ற எட் சாண்டர்ஸைத் தோற்கடித்தார். 1953 செப்டெம்பரில் தொழில்முறைச் சண்டைக்கு வந்தார். மறு ஆண்டு மார்ட்டி மார்ஷல் என்பவர் அவருடைய தாடையை உடைத்தார். உடைந்த தாடையோடு எட்டுச் சுற்றும் நின்று புள்ளிகளில் தோற்றார். விழவில்லை. பின்னால் வரும் கதைக்கு இந்தத் தகவல் வேண்டும்.

சிறையிலிருந்து வெளியே வருவதற்கு ஒரு வேலையும் ஒரு பொறுப்பாளரும் தேவைப்பட்டன. அந்தப் பொறுப்பாளர்களுக்குப் பின்னால் செயின்ட் லூயிஸ் நகரத்துக் குற்றக் கும்பல் தலைவன் ஜோன் விட்டாலே நின்றான். சண்டை இல்லாத நாட்களில் அவனுக்காக ஆட்களை மிரட்டும் வேலையும் இருந்தது. 1956இல் ஒரு பொலிஸ்காரரைத் தாக்கி முழங்காலை முறித்ததற்காக மீண்டும் உள்ளே போனார். 1957 முழுவதும் மேடை ஏறவில்லை. வெளியே வந்ததும், ஊரை விட்டுப் போகாவிட்டால் சந்தில் பிணமாகக் கிடப்பாய் என்று பொலிஸ் தரப்பிலிருந்தே மிரட்டல் வந்தது. பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே அவருடைய ஒப்பந்தம் பிளிங்கி பலெர்மோவின் கைக்கும் அவனுக்கு மேலிருந்த பிராங்கி கார்போவின் கைக்கும் போயிருந்தது. அந்தக் காலத்து அமெரிக்கக் குத்துச்சண்டையில் யார் யாரோடு மோதுவது என்பதைத் திரைமறைவில் தீர்மானித்தவன் கார்போ. லிஸ்டனின் வருமானத்தில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு அவனுடையது என்று செனட் விசாரணையில் சொல்லப்பட்டது.

1960 டிசம்பரில் நடந்த அந்த விசாரணை எனக்கு அவருடைய சண்டைகள் எல்லாவற்றையும்விட அதிகம் பேசுகிறது. செனட்டர் எஸ்டிஸ் கெபாவர் தலைமையிலான உபகுழுவின் முன் லிஸ்டன் சாட்சியாக உட்கார்ந்தார். காட்டப்பட்ட ஆவணத்தை வாசிக்கத் தெரியாது என்றார். ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று கேட்டார்கள். வீட்டில் பிள்ளைகள் அதிகம் என்றார். எத்தனை பேர் என்று கேட்டார்கள். அப்பாவுக்கு 25 பிள்ளைகள் என்றார். அப்படியானால் உங்கள் அப்பாவும் ஒரு சாம்பியன்தான் என்று செனட்டர் எவரெட் டர்க்சன் வேடிக்கையாகச் சொன்னார். மைக்ரோபோனுக்கு முன் உட்கார்ந்திருந்த மனிதரால் தன்னையே விற்ற ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க முடியாது; அவரிடம் அதை விளக்கச் சொல்லித்தான் அழைத்திருந்தார்கள். வாசிக்கத் தெரியாத கடதாசியில் பெருவிரல் வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போது அவர் மேடையில் உச்சத்தில் இருந்தார். 1959லும் 1960லும் கிளீவ்லண்ட் வில்லியம்ஸ், சோரா பொலி போன்ற முன்னணி வீரர்களை நொக் அவுட் செய்தார். எடி மெச்சன் ஒருவர் மட்டும் பன்னிரண்டு சுற்றும் தப்பியோடிப் புள்ளிகளில் தோற்றார். சாம்பியன் புளொய்ட் பட்டர்சனோ வேறு எதிராளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். லிஸ்டனுக்குப் பட்டப் போட்டி கொடுக்கக் கூடாது என்று கறுப்பின உரிமை இயக்கத்தின் முக்கியத் தலைவர்களே கருதினார்கள். உரிமைப் போராட்டம் மும்முரமாக நடக்கும் வேளையில் சிறையிலிருந்து வந்த ஒருவர் தங்கள் இனத்தின் முகமாகத் தெரிவதை அவர்கள் விரும்பவில்லை. அவர்களுடைய கணக்கு எனக்கு விளங்காமலில்லை. ஆயினும், படித்துக் கொழும்பில் உத்தியோகத்துக்குப் போன நம்மில் சிலர் லயத்துச் சொந்தக்காரனைப் பேருந்து நிலையத்தில் கண்டும் காணாததுபோல் போவதைப் பார்த்தவனுக்கு, அந்தக் கணக்கு அத்தனை உயர்ந்ததாகவும் தோன்றாது. வெள்ளை மாளிகைக்கு வந்த பட்டர்சனிடம் ஜனாதிபதி கென்னடியும் லிஸ்டனை நீங்கள் தோற்கடித்தே ஆக வேண்டும் என்று சொன்னார். நியூயோர்க் மாநிலம் லிஸ்டனுக்கு அனுமதிப்பத்திரம் வழங்க மறுத்தது. சண்டை சிகாகோவுக்குப் போனது. 1962 செப்டெம்பர் 25 அன்று, முதல் சுற்றின் 2 நிமிடம் 6 விநாடியில் பட்டர்சன் எழ முடியாமல் கிடந்தார்.

மறுநாள் புதிய சாம்பியன் விமானத்தில் பிலடெல்பியாவுக்குத் திரும்பினார். அருகில் உட்கார்ந்திருந்தவர், அவருக்கு நெருக்கமான ஜெக் மெக்கின்னி என்ற பத்திரிகையாளர். விமான நிலையத்தில் கூடியிருக்கப்போகும் மக்களிடம் என்ன பேசுவது என்று லிஸ்டன் வழி முழுவதும் அவரிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். இனி எல்லோரும் மதிக்கும்படி நடந்துகொள்வேன், பிள்ளைகளுக்கு நல்ல முன்மாதிரியாக இருப்பேன், என் இன மக்களுக்கு நான் செய்ய வேண்டியது இருக்கிறது என்றெல்லாம் அந்தப் பேச்சு போனது. விமானம் நின்றது, கதவு திறந்தது. படிக்கட்டின் உச்சியில் நின்று கழுத்துப் பட்டியையும் தொப்பியையும் சரி செய்துகொண்டு வெளியே பார்த்தார். கீழே விமான நிலைய ஊழியர்களும் சில பத்திரிகையாளர்களும் மட்டுமே நின்றார்கள். வரவேற்பும் இல்லை, வாத்தியமும் இல்லை. சற்று நேரம் அசையாமல் நின்றுவிட்டு, தோள்களை நிமிர்த்திக்கொண்டு படியிறங்கினார் என்று மெக்கின்னி பின்னர் விவரித்தார். அவர் பயிற்சி செய்த பேச்சை அந்த நகரத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு டென்வர் நகரத்துக்குப் போய்விட்டார். பிலடெல்பியாவின் மேயராக இருப்பதைவிட டென்வரில் தெருவிளக்குக் கம்பமாக நிற்பது மேல் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். டென்வரில் எட்வர்ட் மர்பி என்ற இயேசு சபைப் பாதிரியார் ஏற்கனவே அவருக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கவும் குடியைக் குறைக்கவும் முயன்றிருந்தார். 1963 ஜூலையில் லாஸ் வேகாஸில் பட்டர்சனோடு மறுபடியும் மோதினார். இம்முறை பட்டர்சன் நான்கு விநாடிகள் கூடுதலாகத் தாக்குப் பிடித்தார்.

1964 பெப்ரவரி 25 அன்று மியாமி பீச்சில் எதிரே நின்றது, பின்னாளில் முஹம்மத் அலியான 22 வயதுக் கேஷியஸ் கிளே. பந்தயக்காரர்கள் ஏழுக்கு ஒன்று என்று லிஸ்டன் பக்கம் இருந்தார்கள். பயிற்சியை அவர் ஒழுங்காகச் செய்யவில்லை என்பது பலரும் ஒத்துக்கொண்ட விடயம். கடந்த சில சண்டைகளில் மொத்தமே சில நிமிடங்கள்தான் வேலை இருந்ததால், நீண்ட சண்டைக்கான மூச்சு அவரிடம் இல்லை. மூன்றாம் சுற்றில் அவருடைய கண்ணுக்குக் கீழே கிழிந்தது. நான்காம் சுற்று முடிவில் கிளேயின் கண்களில் ஏதோ ஒன்று பட்டு எரிந்தது. சண்டையை நிறுத்தச் சொல்லிக் கத்தியவரைப் பயிற்சியாளர் அஞ்சலோ டன்டீ முதுகில் தட்டி வெளியே தள்ளினார். அந்த ஐந்தாம் சுற்றில் கண் தெரியாதவரைக்கூட லிஸ்டனால் பிடிக்க முடியவில்லை. ஆறாம் சுற்றுக்குப் பின் இருக்கையை விட்டு எழவில்லை. இடது தோள் போய்விட்டது என்றார்கள். பரிசுப் பணம் முடக்கப்பட்டது. வைத்தியர்கள் பரிசோதித்துத் தசைநார் கிழிந்திருப்பதை உறுதிப்படுத்திய பிறகும் சந்தேகம் தீரவில்லை.

அதே ஆண்டு ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று மலையகத் தமிழரான நம்மைப் பிரித்தார்கள். மீதி 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தார்கள். பிறப்பை நிரூபிக்கும் கடதாசி இல்லாதவர்களுக்குத் திகதி எத்தனை பெரிய விடயம் என்பதை நம் ஆட்கள் விளங்கிக்கொண்ட காலம் அது.

இனி அந்த இரண்டாவது சண்டை. 1965 மே 25, மேய்ன் மாநிலத்தின் லூவிஸ்டன் என்ற சிறு நகரம். கிளே இப்போது முஹம்மத் அலி. போஸ்டனில் நடக்கவிருந்தது, அலியின் குடலிறக்க அறுவைச் சிகிச்சையால் தள்ளிப்போய், பிறகு அந்த மாநிலமும் கைவிட்டு, கடைசியில் ஓர் இளைஞர் விளையாட்டரங்கில் வந்து முடிந்தது. பார்க்க வந்தவர்கள் 2,434 பேர். அலிக்கு ஒருகாலத்தில் நெருக்கமாயிருந்த கறுப்பினத் தலைவர் மல்கம் எக்ஸ் கொலை செய்யப்பட்டு மூன்று மாதமே ஆகியிருந்ததால் துப்பாக்கிச் சூடு நடக்கும் என்ற வதந்தி பரவி, வாசலில் எல்லோரையும் சோதித்தே உள்ளே விட்டார்கள். முதல் சுற்றில், இரண்டு நிமிடம்கூட ஆகுமுன், அலியின் ஒரு குறுகிய வலது கைக் குத்து இறங்கியது. லிஸ்டன் விழுந்தார். எழ முயன்றார், மறுபடி சரிந்தார்.

கீழே கிடப்பவரைப் பார்த்து அலி கத்தும் அந்தப் புகைப்படம் ஹட்டன் சலூன் கடைகளில்கூடத் தொங்கியிருக்கிறது. கிடப்பவர் யாரென்று கேட்பார் குறைவு. அதன் ஒளிப்பதிவை ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கத்து ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவருக்குக் கைபேசியில் போட்டுக் காட்டினேன். அவர் குத்தைப் பார்க்கவில்லை. "தம்பி, அந்த ரெப்ரி ஏன் எண்ணாம மத்தவரு பின்னாடி ஓடுறாரு?" என்று கேட்டார். காலமெல்லாம் கொழுந்து நிறுவையைப் பார்த்துப் பார்த்து எழுதியவரின் கண் அது. உண்மையில் நடுவர் ஜெர்சி ஜோ வோல்கொட் எண்ணவே இல்லை. ஒதுக்குப்புற மூலைக்குப் போக மறுத்த அலியை விலக்குவதிலேயே அவர் கவனம் இருந்தது. லிஸ்டன் எழுந்து நின்று இருவரும் மீண்டும் மோதத் தொடங்கிய பிறகுதான், மேடையோரத்திலிருந்த பத்திரிகை ஆசிரியர் நெட் பிளைஷர் விழுந்தவர் எழுவதற்கான பத்து விநாடி எப்போதோ முடிந்துவிட்டது என்று கூப்பிட்டுச் சொல்ல, வோல்கொட் ஓடி வந்து சண்டையை நிறுத்தினார்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: குத்து பட்டது. மெதுவாக ஓட்டினால் தலை திரும்புவது தெரிகிறது. ஆனால் உடைந்த தாடையோடு எட்டுச் சுற்று நின்றவரை அது வீழ்த்தியிருக்கும் என்று நான் நம்பவில்லை. கும்பல் சொல்லி விழுந்தாரா, கடனுக்காக விழுந்தாரா, துப்பாக்கிக்குப் பயந்து விழுந்தாரா, அல்லது எழுந்திருக்க இனி ஒரு காரணமும் இல்லை என்று கிடந்தாரா என்பதற்கு ஒளிப்பதிவில் விடை இல்லை. தன் ஒப்பந்தத்தையே வாசிக்க முடியாதவர் அந்த முடிவைத் தானே எடுத்திருப்பார் என்று வைத்துக்கொண்டு அவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

அதற்குப் பிறகும் அவர் ஐந்தாண்டுகள் சண்டையிட்டார் என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் கதவுகள் மூடியிருந்ததால் 1966லும் 1967லும் சுவீடனில் நான்கு முறை மேடை ஏறி நான்கிலும் வென்றார்; அங்கிருந்து ஓர் ஆண் குழந்தையையும் தத்தெடுத்து வந்தார்கள். 1969 டிசம்பரில், முன்பு தன்னோடு பயிற்சிச் சண்டை போட்ட லியோட்டிஸ் மார்ட்டினிடம், முன்னணியில் இருந்த நிலையில், ஒன்பதாம் சுற்றில் முகங்குப்புற விழுந்தார். வென்ற மார்ட்டினுக்கும் அந்தச் சண்டையில் விழித்திரை விலகி, அவரும் அதன் பிறகு மேடை ஏறவில்லை. லாஸ் வேகாஸ் வீட்டில் சடலத்தோடு ஹெரோயின் கிடைத்ததையும் கையில் ஊசி அடையாளம் இருந்ததையும் வைத்து, கொலை என்று ஒரு கூட்டமும் அளவு மிஞ்சியது என்று இன்னொரு கூட்டமும் இன்றும் எழுதுகின்றன. சுவாசப்பை நெரிசலும் இதயச் செயலிழப்பும் என்று பதிவேடு சொல்கிறது. மேற்கொண்டு சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

54 சண்டைகளில் 50 வெற்றி, அவற்றில் 39 நொக் அவுட். கடைசி வெற்றி 1970 ஜூனில் ஜெர்சி சிட்டியில் சக் வெப்னருக்கு எதிராகக் கிடைத்தது. வெப்னரின் முகம் 70க்கும் மேற்பட்ட தையல் போடும் அளவுக்குக் கிழிந்து, சண்டை நிறுத்தப்பட்டது. அன்றிரவு லிஸ்டனுக்குக் கிடைத்த 13,000 டொலரில் பெரும்பகுதி பந்தயக் கடனுக்கே போனது என்று உடனிருந்தவர்கள் சொன்னார்கள். நீங்கள் பார்த்ததிலேயே துணிச்சலான மனிதர் வெப்னர்தானா என்று பத்திரிகையாளர்கள் கேட்டார்கள். இல்லை, அவருடைய மனேஜர் என்றார் லிஸ்டன்.